ஆறுக்கு அப்புறம் பிரேசில்

என் கணவர் இருதயராஜ் பேரணாம்பட்டில் ஒரு தோல் ஆலையில் முப்பத்துமூன்று வருஷம் தரம் பிரித்தார். பதமாகி வந்த ஆட்டுத் தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவி, திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு எண் எழுத வேண்டும். ஒன்று என்றால் முதல் தரம். ஏழு என்றால் ரிஜெக்ட். அவர் எழுதிய எண்ணை இன்னொருவர் சரிபார்த்ததே இல்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அது.

பிடிவாதம் என்றால் பிரேசில். 1986 கால்பந்து உலகக் கோப்பையில், பக்கத்துத் தெருவின் கறுப்பு வெள்ளை டிவியில், பிரேசில் பிரான்ஸிடம் பெனால்டியில் தோற்றதைப் பார்த்து அழுதாராம். அன்று தொடங்கியது. கல்யாணமான புதிதில் அவருடைய அக்கா விஜயகுமாரி என்னிடம் சொன்னார்: "ஜெயிச்சவன விட்டுட்டு தோத்தவன புடிச்சிக்கினான் பாரு. உன்னையும் அப்டித்தான் செலக்ட் பண்ணான் போல."

எந்த நாட்டு ஆட்டமும் அவருக்குத் தோல்தான். இத்தாலி, ஷூவின் அடித்தோல்: "ஒரு வாளி தண்ணி ஊத்து, ஒரு சொட்டு உள்ள போவாது." ஜெர்மனி, ஷூவின் மேல்தோல், எங்கே தொட்டாலும் ஒரே கனம். ஸ்பெயின், வெல்வெட் போன்ற ஸ்வேட் தோல். "இப்டி தேய்ச்சா ஒரு கலரு, அப்டி தேய்ச்சா ஒரு கலரு. அழகுதான் கிறிஸ்டி. ஆனா தேய்ச்சிக்கினே இருந்தா எப்பத்தான் தைக்கிறது?" பிரேசில் மட்டும் கையுறைக்கான தோல். எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும், விட்டால் தன் இடத்துக்குப் போய்விடும்.

2014இல் அரையிறுதி முடிந்த காலை, இட்லியைத் தொடாமல் வேலைக்குப் போனார். ஜெர்மனி ஏழு, பிரேசில் ஒன்று என்று பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று பதினோரு மணிக்குச் சரக்கைப் பார்க்க சுஹேல் அகமது வருவதாக இருந்தது. ஆம்பூர்க்காரர். ஜெர்மன் ஷூ கம்பெனி ஒன்றுக்கு இன்ஸ்பெக்டர், அதனாலேயே ஜெர்மனி ரசிகர். இவர் போட்ட எண்ணை மட்டும் பார்த்துச் சரக்கை எடுத்துக்கொள்வார். அங்கே நடந்ததை சூப்பர்வைசர் வேலாயுதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்து தடவையாவது நடித்துக் காட்டியிருக்கிறார்.

பத்தே முக்காலுக்கு வேலாயுதம், இவர் தரம் பிரித்து வைத்த அடுக்கைப் புரட்டியிருக்கிறார்.

"இன்னா இருதயம் இது?"

"தோலு."

"அது தெரியுது. நம்பர பாருய்யா!"

நாற்பத்திரண்டு தோல். நாற்பத்திரண்டிலும் ஏழு.

வாசலில் சுஹேலின் வண்டிச் சத்தம். வேலாயுதம் குரலைத் தாழ்த்தினார். "நான் அவர டீக்குக் கூட்டினு போறேன். நீ தொடச்சிட்டு மாத்தி எழுது. தெரிஞ்சா இனிமே ஒவ்வொரு லாட்டையும் வேற ஆள வெச்சி செக் பண்ணச் சொல்வாங்க."

அதற்குத்தான் இவரும் பயந்தார். ஆனாலும் துணியைத் தொடவில்லை. சுஹேல் உள்ளே வந்ததும் இவராகவே சொன்னார்: "பாய், இது பூரா தப்பு. தோலு நல்லாத்தான் இருக்குது, என் கைதான் தப்பு. நீங்களே ஒருவாட்டி பாத்துடுங்க."

அத்தனை வருஷத்தில் இன்னொருவரைப் பார்க்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. சுஹேல் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏழு, ஏழு, ஏழு. திடீரென்று மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அரே இருதயம் பாய்! நாங்க போட்டது ஏழுதானே? உங்களுக்கு நீங்களே நாப்பத்திரண்டு ஏழு போட்டுக்கினீங்களா?"

பிறகு சாக்பீஸைக் கையில் எடுத்தார். "நான் இன்னாத்துக்குப் பாக்கணும்? நீங்க தடவிச் சொல்லுங்க, நான் எழுதறேன்."

இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கடைசித் தோலில் இவர் கை நின்றது. கழுத்தோரம் முள்கம்பி கிழித்த தழும்பு. "இது நெஜமாவே ஏழு பாய்."

"சபாஷ். கடைசில ஒரு கோலாவது போட்டீங்களே!"

அதன் பிறகும் இவருடைய லாட்டை வேறு யாரும் சரிபார்க்கவில்லை. தண்டனை கொடுத்தது வேலாயுதம்தான். இனி அந்த மேஜையில் ஏழு கிடையாது. ரிஜெக்ட் தோலில் 'பி' என்று எழுத வேண்டும், பிரேசிலுக்கு பி. "எதுவரைக்கும்?" என்று கேட்டாராம் இவர். "உங்காளுங்க கப்பு தூக்கறவரைக்கும்."

2018இல் பெல்ஜியத்திடம் தோற்றார்கள். 2022இல் குரோஷியாவிடம். அந்த வருஷம் டிவியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "இப்ப எல்லா நாடும் ஒரே மாதிரி ஆடுது கிறிஸ்டி. சொந்த ரேகையத் தேய்ச்சி எடுத்துட்டு மேல மெஷின்ல ரேகை போட்ட தோலு மாதிரி. எந்த ஆடுன்னே தெரியல." பாயை விரித்துக்கொண்டே, "நம்மாளுங்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நெஜ ரேகை இருக்குது" என்றார்.

அவர் போய் நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் அவருடைய டிபன் கேரியரையும் ஏப்ரனையும் வாங்கிவர ஆலைக்குப் போனேன். அந்த மேஜையில் இப்போது பூங்குழலி என்ற புதுப் பெண். ஒரு தோலைத் தடவி ஓரமாக வீசி, "இது பிரேசில்ணா!" என்று வேலாயுதத்தைப் பார்த்துக் கத்தினாள்.

ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"தெரியலக்கா. அந்த ஊருத் தோலு மட்டம் போலருக்கு."

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு அன்றுதான் அப்படிச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் வேலாயுதத்திடம் கேட்டேன்: "உங்க கண்டிஷன் இன்னும் இருக்குதாண்ணா?"

"இருக்குதும்மா. அவங்க கப்பு தூக்கட்டும், மறுநாளே ஏழுன்னு மாத்திடறேன்."

நான் ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்தவள் இல்லை. டிவிக்கு இன்று ரீசார்ஜ் செய்துவிட்டேன். அடுத்த உலகக் கோப்பையில் யாராவது ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டுமே.