கூமாப்பட்டியில் அடிக்காத தமுக்கு

ஏழு பேரையும் கூண்டில் ஏற்றிய பிறகுதான், அவர்களுக்கு எதிரான சாட்சி என் கையெழுத்து என்று தெரிந்தது.

யுத்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் மாஜிஸ்ட்ரேட் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்றே மாதம். அப்பா ராஜபாளையத்தில் பஞ்சுப் பொதி சுமக்கிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று 144 உத்தரவு வந்திருந்தது. அதை ஊரில் தமுக்கடித்துச் சொன்ன பிறகுதான் மீறியவர்கள் மேல் கேஸ் நிற்கும். ஆனால், தமுக்கடிக்கும் அந்தோணி அண்ணன் புறப்படும் முன்பே 'அடித்தாயிற்று' என்று ரிப்போர்ட் எழுதி ஃபைலில் சேர்ப்பது ஆபீஸ் பழக்கம். கூமாப்பட்டிக்கும் அப்படித்தான் எழுதிவைத்தேன்.

அங்கே வாய்க்கால் வெட்டிய ஏழு பேரைப் போலீஸ் பிடித்து வந்துவிட்டது. ஏன் கூடினீர்கள் என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். மூத்தவர் மாடசாமி கும்பிட்டார்.

"யாரும் சொல்லலை எசமான். சொல்லியிருந்தா ரெண்டு பேரு வெட்டாம வீட்டுல கெடந்திருப்போம்."

இன்ஸ்பெக்டர் என் ரிப்போர்ட்டை நீட்டினார். இனி ஜெயில்தான்.

அப்போதுதான் அந்தோணி அண்ணன் தமுக்கோடு என் மேஜைக்கு வந்து குனிந்தார். "தோலு கிழிஞ்சு, ராஜபாளையத்துல புதுசு கட்டிட்டு வாரேன் தம்பி. கூமாப்பட்டி உத்தரவுத் தாளக் குடுங்க, அடிச்சிட்டு வந்துருதேன்."

தலைமைக் குமாஸ்தாவிடம் ஓடிச் சொன்னேன். "ஏலே, எல்லாரும் அப்படித்தான் எழுதுதோம். வாயத் தொறந்தே, வேலை போயிரும்" என்றார்.

திறந்துவிட்டேன். ரிப்போர்ட் நான் எழுதியது, தமுக்கு இன்னும் அடிக்கவில்லை என்று மாஜிஸ்ட்ரேட் முன் சொன்னேன். யுத்த நேரத்தில் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்றார் இன்ஸ்பெக்டர். மாஜிஸ்ட்ரேட் தமுக்கை வாங்கி, புதுத் தோலை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"யுத்த நேரம்னுதான் சட்டம் இவ்வளவு அதிகாரம் குடுத்திருக்கு. ஊருக்குச் சொல்லிட்டுப் பிடின்னு ஒண்ணே ஒண்ணுதான் நம்மகிட்டக் கேக்குது. அதைக்கூடச் செய்யலைன்னா எப்படி?"

ஏழு பேருக்கும் விடுதலை. எனக்கு மெமோ. வேலை மட்டும் தப்பியது.

வாசலில் மாடசாமி என்னை மறித்தார். "ஏழு பேரும் ஒரே பஸ்ஸுல ஏறலாமா தம்பி, இல்ல ரெண்டு பேரு பிந்தி வரணுமா?"

"அண்ணன் போயி அடிக்கிற வரைக்கும் ஏறலாம்" என்றேன். அதே பஸ்ஸில் நானும் அந்தோணி அண்ணனும் ஏறினோம். கூமாப்பட்டியில் அவர் கடைசித் தெருவிலும் அடித்து முடித்த பிறகு, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளே, 'ஆயிற்று' என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நான் முன்கூட்டி எழுதியதில்லை.