ஆஸ்டின் காருக்கு சீட் தைத்தவள்

யூசுப் பாய் தன்னுடைய ஆஸ்டின் காருக்குத் தானே சீட் தைத்துப் போட்டார் என்று சிதம்பரத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பக்கத்து வீட்டில் குடியிருந்தவள், யார் தைத்தது என்று கண்ணால் பார்த்தவள். தைத்தவள் பெயர் ரசியா, அவருடைய மனைவி.

ரசியா கடலூர் முதுநகர்ப் பெண். எனக்கும் அதே ஊர்தான். நான் மாதா கோயில் பக்கம், அவள் பள்ளிவாசல் பக்கம். ஊரில் இருந்தவரை ஒருவரையொருவர் தெரியாது. இரண்டு பேரும் வாழ்க்கைப்பட்டு சிதம்பரம் வந்து, ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதிகம் பேசமாட்டாள். தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது அவளுடைய கை மிஷின்தான்.

யூசுப் பாய் அண்ணாமலை நகர் போகும் வழியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், வாய்ச்சவடால் பேர்வழி. அறுபத்து நாலில், ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காகச் சும்மா நின்ற ஆஸ்டினை வாங்கி, தள்ளிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்தினார். எஞ்சினை எப்படியோ ஓட வைத்துவிட்டார். அதில் கெட்டிக்காரர், இல்லை என்று சொல்லவில்லை. சீட்தான் பார்க்கச் சகிக்கவில்லை. தோல் வெடித்துப் போயிருந்தது, உள்ளே இருந்த நாரில் பாதியை எலி இழுத்துவிட்டது, உட்கார்ந்தால் ஸ்பிரிங் குத்தும். பஸ்ஸுக்கு சீட் தைக்கிற ஆள் கடலூரில் இருந்தார். அவரிடம் விட்டுவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னோம்.

"இதுக்குப் போயி ஒரு ஆளா? நானே போட்டுக்கறேன்" என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் முதலில் செய்த காரியம், பழைய தோலைக் கண்டபடி கிழித்துக் குப்பையில் எறிந்தது. அடுத்து செய்ததைச் சொன்னால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ரசியாவின் கல்யாணத்துக்கு அவள் உம்மா சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்று அந்த வீட்டில் இருந்தது. உம்மா வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்தில் காய் வெடிக்க வெடிக்கப் பொறுக்கி, கையால் கொட்டை நீக்கிச் சேர்த்த பஞ்சு. அவர்கள் வழக்கத்தில் சீர் சாமான் பெண்ணுக்குத்தான் சொந்தம், புருஷனே ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். இந்த மனுஷன் அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து மெத்தையைக் கத்தியால் கிழித்து, பஞ்சை அள்ளி ஸ்பிரிங் மேல் கொட்டிவிட்டார். கார் சீட்டுக்குத் தேங்காய் நார்தான் வைப்பார்கள். இவருக்குத் தெரிந்ததெல்லாம் மெத்தை ஒன்றுதானே.

ரசியா திரும்பி வந்தபோது வாசல் முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. அவள் ஒப்பாரி வைத்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். துடைப்பத்தை எடுத்துவந்து பஞ்சைக் கூட்டி அள்ள ஆரம்பித்தாள். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். குழைந்து குழைந்து பேசினார். அடுத்த மாதம் கடலூரில் அவள் தங்கைக்கு நிக்காஹ். இந்தக் காரின் முதல் சவாரி அதற்குத்தான், உன்னை உட்கார வைத்து உங்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குகிறேன் என்று அல்லா அறியச் சத்தியம் செய்தார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் தைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து பிறந்த வீட்டுக்குப் பஸ்ஸில் மூட்டையும் முடிச்சுமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். கார் வாங்கின மாப்பிள்ளை அதில் பெண்டாட்டியை ஏற்றமாட்டாரா என்று கடலூரில் சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவளுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

யூசுப் பாய் தோலுக்குப் பதிலாக வாங்கி வந்த ரெக்ஸினைக் கோணலாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார். ரசியா குப்பையில் கிடந்த தோலைத் துண்டு துண்டாகப் பொறுக்கி, தரையில் சேர்த்து வைத்து அளவெடுத்தாள். ரெக்ஸின் மிஷினில் நகராமல் ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் தடவித் தடவி ஓட்டினாள். மூலைகளை மிஷின் தாங்காது, அதைக் கோணி ஊசியால் கையிலேயே தைத்தாள். வெறும் பஞ்சு அமுங்கிப்போகும் என்று அடியில் நாரைத் திணித்து, மேலே மட்டும் பஞ்சு வைத்து, மெத்தைக்குப் போடுவதுபோல இடையிடையே முடிச்சுப் போட்டாள். விரலெல்லாம் புண். நான் ரெக்ஸினை இழுத்துப் பிடித்தேன், என் பங்கு அவ்வளவுதான்.

முடிந்ததும் கடைத்தெருவே வந்து சீட்டைத் தட்டிப் பார்த்தது. யூசுப் பாய் கார் கதவில் சாய்ந்துகொண்டு, நானேதான் தைத்தேன் மச்சான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். கூச்சம் என்று ஒன்று வேண்டாமா? உள்ளே ரசியா அந்தப் புண் விரலோடு வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். நீ ஏன்டி வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று அவளைத் திட்டினேன். நிக்காஹ் முடியட்டும் அக்கா என்றாள்.

நிக்காஹ் அன்று காலையில் அவள் பட்டுச் சேலை கட்டி, மேலே வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். யூசுப் பாய் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே சொல்கிறார்: நெல் மண்டி சுப்புராயன் சம்சாரத்தோடு ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போகக் கார் கேட்டாராம், பெரிய மனுஷர் பேச்சைத் தட்ட முடியவில்லையாம்.

"நீ பஸ்ஸுல போயிடு. நான் சாயங்காலம் வந்துடறேன்."

அந்த இடத்தில் நானாக இருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன். ரசியா வாசலுக்கு வந்தாள். சுப்புராயன் பட்டு வேட்டியும் அர்ச்சனைத் தட்டுமாக, மனைவியோடு காரை ஒட்டி நின்றார். இவள் அவர்களைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்து, சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள். யூசுப் பாய் இறங்கச் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. அந்நிய ஆணிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள் சுப்புராயனிடம் நேராகப் பேசினாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இந்த சீட்டுக்குள்ள இருக்கறது எங்க கல்யாண மெத்த. எங்க உம்மா வூட்டுச் சீரு. என்னைக் கேக்காம அவுங்க கிழிச்சிட்டாங்க."

அடுத்த வீட்டுக் கல்யாண மெத்தை மேல் பெண்டாட்டியோடு உட்கார்ந்து எந்த மனுஷன் கோயிலுக்குப் போவான்? கார் கதவில் வைத்திருந்த கையைச் சுப்புராயன் சட்டென்று எடுத்துக்கொண்டார். மொதல்லயே சொல்லக்கூடாதாப்பா என்று யூசுப் பாயைக் கடிந்துகொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அந்த அம்மாள் மட்டும் திரும்பித் திரும்பி ரசியாவைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அக்கா நீங்களும் வாங்க என்று ரசியா கூப்பிட்டதும், சேலையை மாற்றிக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன். கடலூர் வரைக்கும் யூசுப் பாய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டே ஓட்டினார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

முதுநகரில் கார் நின்றதும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அப்துல் வதூது சீட்டைத் தடவிப் பார்த்து, இது எந்த ஊர் ஆள் வேலை என்று கேட்டார். யூசுப் பாய்க்கு அதுவரை இருந்த முகவாட்டம் எங்கே போனதோ தெரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நானேதான் என்று ஆரம்பித்தார்.

ரசியா இன்னும் காருக்குள்ளேதான் இருந்தாள். பந்தலில் இருந்தவர்கள் வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மெத்தையக் கிழிச்சது அவுங்க. சீட்டத் தச்சது நான்."

அப்புறம்தான் காரை விட்டு இறங்கினாள்.