அத்தை சத்தமாக ஜெபித்தாள்

என்னையும் அக்காவையும் அத்தையின் சாயங்கால வகுப்புக்கு அனுப்பியபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். படிக்கலாம், பாட்டுப் பாடலாம், அங்கே தரும் சுண்டலைத் தின்னலாம். ஜெபம் நடக்கும்போது மட்டும் கண்ணை மூடக்கூடாது.

"கண்ண மூடுனா அவங்க சாமி உள்ள வந்துரும் ல. தொறந்தே வச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது."

இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, கிறிஸ்தவர்களான வேதக்காரர் வீட்டில் அத்தையைப் பெண்ணெடுத்து, தாமும் வேதத்துக்குப் போய்விட்டவர். அதிலிருந்து அம்மா அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பாள், சோறு சாப்பிட மாட்டாள். ஆனால் தாராவியில் எங்கள் சந்தில் பாடம் சொல்லித்தர வேறு யாரும் இல்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத்து வாசனையே கிடையாது. ஆகவே சாமியை வாசலில் நிறுத்திவிட்டுப் படிப்பை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடாக இதை அம்மா கண்டுபிடித்திருந்தாள்.

மாமா வீடு மாடியில் ஒற்றை அறை. கீழே பை தைக்கும் பட்டறை. சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி ஏறும். அறையின் தரையில் வெட்டிய சதுர ஓட்டை வழியாக உள்ளே போக வேண்டும். தகரக் கூரை இருபுறமும் சரிந்திருந்ததால் வளர்ந்த பிள்ளைகள் நடுவிலும் குட்டைப் பிள்ளைகள் ஓரத்திலும் உட்காருவோம். நான் எல்லோரிலும் குட்டை. ஏணி ஓட்டைக்குப் பக்கத்து மூலை எனக்கு. "ஏ சோட்டு, சரக் நா" என்று இந்தியில் நகரச் சொல்லித் தள்ளித் தள்ளி என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள்.

இந்திப் பள்ளி, மராட்டிப் பள்ளி, மூடப்போகிற தமிழ்ப் பள்ளி என்று எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அத்தை கணக்கைத் தெளிவாகச் சொல்லித்தருவாள். இந்தியைக் குத்துமதிப்பாகச் சொல்லித்தருவாள். கடைசியில் கொஞ்ச நேரம் தமிழ் எழுத்து. "சொந்தப் பேரையாவது தமிழ்ல எழுதப் படிங்க ல, சாகிறதுக்கு முன்ன" என்பாள். அதன் பிறகு கையசைத்துப் பாடும் ஒரு பாட்டு, ஜெபம், சுண்டல்.

அத்தையின் ஜெபம் எங்கள் சந்தில் பெயர்பெற்றது. கீழே தையல் மிஷின்கள் ஓடும் சத்தத்துக்கு மேலே ஆண்டவருக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டையைத் திறந்து ஜெபிப்பாள். தொடக்கம் புத்தகத் தமிழ். "அன்பின் ஆண்டவரே, இந்த மாலை வேளைக்காக உம்மைத் துதிக்கிறோம்" என்று மேலே போகும். நாலாவது வாக்கியத்தில் திருநெல்வேலிக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, அந்தந்த வீட்டு நிலவரத்தை ஆண்டவருக்கு விளக்குவாள். யாருடைய அப்பா மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார், யாருடைய அம்மாவுக்கு இந்த மாதமும் இரத்தப்போக்கு நிற்கவில்லை, யார் வீட்டில் ரேஷன் அரிசி தீர்ந்துவிட்டது எல்லாம் அதில் வரும். சுவரென்பது தகரம்தானே. பக்கத்து மாடிக்காரி துணி உலர்த்துகிற சாக்கில் ஜன்னலோரம் வந்து நிற்பாள். "ஏளா, இன்னைக்கு யாரு வீட்டுக் கதை?" என்று கீழேயிருந்து ஒருத்தி கேட்பாள். அத்தைக்கு இது எதுவும் தெரியாது. அவள் கண் மூடியிருக்கும். அவள் வம்பு பேசுகிறவள் அல்ல. பிள்ளைகளுக்காக அழுது கேட்கிறவள். அதனால்தான் எதையும் விட்டுவிடாமல் சொன்னாள்.

நான் அம்மா சொல்படி கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அக்கா மூடிக்கொள்வாள், இமை சுருங்கும்படி இறுக்கமாக. "நீ வேதத்துல சேந்துட்டியா?" என்று ஒருநாள் பயந்துபோய்க் கேட்டேன்.

"போல கிறுக்கா. கண்ண மூடுனாத்தான் எனக்குன்னு ஒரு ரூம் கெடைக்கு" என்றாள்.

அக்கா அப்போது எட்டாவது முடிக்கும் தறுவாயில் இருந்தாள். வகுப்பில் அவளுக்கு முன்னால் யாரும் கிடையாது. அத்தைக்கு வேலை வந்துவிட்டால் கணக்கை அக்காதான் நடத்துவாள். அப்பாவோ, "எட்டு போதும், பெரியவளாயாச்சு, ஊருல ஒப்படைச்சிருவோம்" என்று முடிவு செய்திருந்தார். ஊரில் பெரியப்பா ஒரு மாப்பிள்ளையும் பார்த்துவைத்திருந்தார். அத்தை செம்பூரில் ஒரு பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் சொல்லி இடம் வாங்கினாள். அங்கேயே தங்கிப் பத்தாவது வரை படிக்கலாம். ஒரு பஸ் தூரம்தான். அக்கா உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மாவும் அத்தையும் பேசிவைத்தார்கள். சோறு சாப்பிடாத வீட்டில் அம்மா வைத்த ஒரே நம்பிக்கை அது. எனக்கு இதெல்லாம் பின்னால்தான் தெரியும். என் வாயில் எதுவும் நிற்காது என்பதால் என்னிடம் மறைத்திருந்தார்கள்.

அன்று மாலை கரண்ட் போய்விட்டது. கீழே மிஷின்கள் நின்றன. அப்பா வேலை பார்த்த தோல் பட்டறையிலும் வேலை நின்றிருக்க வேண்டும். அத்தை ஜெபத்தைத் தொடங்கினாள். மிஷின் நின்றதை அவள் குரல் கவனிக்கவில்லை. வழக்கமான உச்சத்திலேயே போனது.

அப்போது என் முழங்காலுக்கருகில் தரையிலிருந்து ஒரு தலை முளைத்தது. அப்பாவின் தலை.

எங்களை அழைத்துப்போக அவர் ஒருநாளும் வந்ததில்லை. கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். வடாபாவ் மணம் அடித்தது. உடம்பில்லாமல் தலை மட்டும் தரையில் வைத்ததுபோல இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் விரலை உதட்டில் வைத்தார், ஜெபத்தைக் கலைக்காதே என்று. அந்த மரியாதை அவருக்கு இருந்தது. நானும் விரலை உதட்டில் வைத்தேன். அறை முழுவதும் கண்மூடி இருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் விழித்துக்கொண்டு விளையாடுவதில் எனக்குத் தாங்கமுடியாத பெருமை.

அத்தை அக்காவின் பெயருக்கு வந்தாள்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளை திங்கக்கிழம செம்பூர் ஹாஸ்டலுக்குப் போறா. எம்புட்டு படிக்கிற பிள்ளைன்னு நீர் அறிவீர். இவ அம்மை நெஞ்சுல நெருப்பக் கெட்டிக்கிட்டு இருக்கா. இவ அப்பன் காதுக்கு எட்டாதபடி இந்தக் காரியத்த நீரே மறைச்சுக் காத்துக்கிடும், சாமி…"

அப்பாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதில் எதுவும் மாறவில்லை. விரல் மட்டும் உதட்டிலிருந்து மெதுவாக இறங்கியது. எல்லோரும் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார்கள். அத்தையின் வாய் திறந்தபடி நின்றது.

"முடிஞ்சிட்டாம்மா?" என்று கேட்டார் அப்பா. பொட்டலத்தைத் தரையில் வைத்தார். "பிள்ளைகளுக்குப் பிச்சுக் குடு." பிறகு அக்காவிடம், "நீ வா" என்றார். அவ்வளவுதான். நான் என் பங்கு வடாபாவை வாங்கிக்கொண்டு அவர்கள் பின்னால் இறங்கினேன்.

வீட்டில் அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "திங்கக்கிழமையா?" அம்மாவின் கை மாவுக்குள்ளேயே நின்றது. என்னிடம் தீப்பெட்டி வாங்கி வரச் சொன்னார். அடுப்புமேல் ஒரு தீப்பெட்டி இருக்கிறதே என்றேன். இன்னொன்று வாங்கி வா என்றார். திரும்பி வந்தபோது அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாவு சிந்திக் கிடந்தது.

மறுநாள் அத்தை வந்து வாசலில் நின்று அழுதாள். "அண்ணே, தப்பெல்லாம் எம்மேலதான், பிள்ளை படிப்புல கை வச்சிராதீங்க" என்றாள். அப்பா கோபப்படவே இல்லை. "நீ உங்க ஆண்டவர்கிட்ட சொன்னது எனக்கும் கேட்டுட்டும்மா. அவரு என்ன முடிவெடுத்தாருன்னு தெரியாது. நான் எடுத்துட்டேன்" என்றார்.

சந்து முழுவதும் செய்தி பரவியது. அத்தை மதம் மாற்றுகிறாள் என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொரு தாயும் தன் வீட்டுச் சமாச்சாரம் இதுவரை எவ்வளவு வெளியே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துப் பிள்ளையை நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நாள் அத்தை சுண்டல் அவித்துவைத்துவிட்டு, பலகையில் வாய்ப்பாடு எழுதிவிட்டுக் காத்திருந்தாள். அம்மாவே என்னை மறுபடி அனுப்பினாள். ஒருத்தியாவது போகட்டும் என்ற எண்ணம் தோற்ற பிறகு ஒருவனாவது என்று நினைத்தாளோ என்னவோ. எதிரும் புதிருமாக உட்கார்ந்து படிப்போம். நேரம் வந்ததும் அத்தை கண்ணை மூடுவாள். உதடு அசையும். குரல் வராது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் என்றால், அந்தச் சத்தமில்லாத அறையில்தான் அதற்கு அடித்தளம் விழுந்தது.

இதற்கெல்லாம் முன்பே, அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாளே, அப்பா அக்காவை ஊருக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போனார். திலக் நகர்ப் பக்கம் இருக்கும் பெரிய ஸ்டேஷன். செம்பூர் அங்கிருந்து நடக்கிற தூரம். பொதுப் பெட்டியில் முட்டி மோதி அப்பா அவளுக்கு ஜன்னல் சீட் பிடித்துத் தந்திருந்தார். அதைப் பார்த்ததும் நான் பிளாட்பாரத்தில் உருண்டு அழுதேன். ரயில், ஜன்னல், ஊரில் கோயில் கொடை, ராட்டினம் எல்லாம் அவளுக்கு மட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

பக்கத்தில் நின்றவர்கள் பார்த்துப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "அக்கா மேல என்ன உசுரு பாரு" என்றாள் ஒரு கிழவி. அக்கா கம்பிகளுக்கிடையே கையை நீட்டி என் மூக்கைத் துடைத்தாள். "அழாத ல. எனக்காக நீயாச்சும் அழுதியே" என்றாள். இன்றும் ஊருக்குப் போனால் அதை அவள் தன் பிள்ளைகளிடம் சொல்கிறாள்.

வண்டி நகர்ந்தது. அம்மா கை காட்டவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா எப்போது திரும்பி வருவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, எனக்கு எப்போது டிக்கெட் எடுப்பீர்கள் என்றுதான் வீடு வரும்வரை கேட்டுக்கொண்டு வந்தேன்.