சிம்லாவுக்குப் போகும் வழி

போன வாரம் என் கணவர், உதகமண்டலம் போய் வரலாமா என்று கேட்டார். எந்தத் தேதியில், எந்த வண்டியில், யார் யார் வருகிறார்கள், அந்தத் தேதியை யார் குறித்துக் கொடுத்தார்கள் என்று நான் கேட்ட கேள்விகளில் அவருக்குப் பயண ஆசையே போய்விட்டது. குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று ஒரு காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று பிறகு பாத்திரம் துலக்கும்போது என்னையே கேட்டுக்கொண்டேன். மலைக்குப் போகலாம் என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால் எனக்கு எட்டு வயதில் பிடித்த சந்தேகம் திரும்ப வந்து பிடித்துக்கொள்கிறது. அந்த வருஷம்தான் நாங்கள் குடும்பத்தோடு சிம்லாவுக்குப் போகத் திட்டமிட்டோம்.

அப்பா அப்போது விழுப்புரம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. ஆனால் திட்டம் அவருடையதல்ல. திண்டிவனத்திலிருந்த மாமாவுடையது. மாமா, அம்மாவுக்கு அண்ணன். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தார். அவர் வடக்கே போன அதிகபட்ச தூரம் சென்னை. அப்படிப்பட்டவர் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்து, அக்காவின் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தை வாங்கிக் கூடத்தில் விரித்து, சென்னையிலிருந்து டில்லி வரைக்கும் விரலால் ஒரே கோடாக இழுத்தார்.

"இங்க கல்காவுல எறங்கி குட்டி ரயில் மாறிக்கினா போதும் பாப்பா. ஜல்தியா மேல ஏத்திடுவான். பஞ்சு மூட்டையைப் பிரிச்சுக் கொட்டினாப்பல பனி. பாலு செம்புலயே கல்லாயிடும்."

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அக்காவுக்கு அப்போது பதினோரு வயது, வகுப்பில் முதல். அவள் மாமாவின் விரலைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேச்சில் ஏதோ சரியில்லை என்று எனக்குச் சீக்கிரமே பட்டுவிட்டது. சிம்லாவைப் பற்றிப் பேசும்போது மாமாவின் குரல் தெருவுக்குக் கேட்கும். வேறு ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசும்போது மாமா, அப்பா, அம்மா மூன்று பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு முணுமுணுப்பார்கள்; நான் கிட்டே போனால் மறுபடியும் பனி கொட்டத் தொடங்கும்.

எதிர்வீட்டில் ரயில்வேக்காரர் குடும்பம் இருந்தது. அந்த வீட்டம்மாளுக்கு எந்த வண்டி எங்கே போகிறது, அதில் யார் ஏறினார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டே அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"கோடையில குளுருக்குப் போவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். நீங்க என்னமோ குளுர்லயே குளுரைத் தேடிக்கினு போறீங்களாமே?"

"புள்ளைங்க பனி பார்க்கணும்னு ஆசைப்படுதுங்கக்கா," என்றாள் அம்மா. சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை, கோலத்தைப் பார்த்தாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடினார்கள். இதோ கிளம்பப் போகிறோம் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. கேட்டால், தை பிறக்கட்டும் என்றார் மாமா. மார்கழியில் பனி பார்க்கக் கூடாது என்று எந்த ஊரில் வழக்கம்? அதுவும் பனி அதிகமாக விழுவதே இப்போதுதான் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாரே என்று கேட்டேன். அப்பா என்னைக் கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வரச் சொன்னார்.

பிறகு ஆசாரி வந்தார். அக்காவின் கைக்கு மட்டும் வளையல் அளவு எடுத்தார். புதுப் பட்டுப்பாவாடையும் அவளுக்கு மட்டும்தான் வந்தது. அம்மா தூரப் பயணத்துக்கு வேண்டிய புளிச்சோறு, பொடி பற்றி யோசிக்காமல், அதிரசம் சுட்டுச் சுட்டு அடுக்கினாள். மாமா சென்னையிலிருந்து கம்பளிக் குல்லாய்கள் வாங்கி வந்து, எதிர்வீட்டம்மாள் வாசலில் நிற்கிற நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாக உதறிக் காட்டினார். எனக்கென்று கொடுத்த குல்லாய் மூக்கைத் தாண்டிக் கழுத்து வரை இறங்கியது. யாரும் அதை மாற்றித் தருவதாகச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததில் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. என்னைத் திண்டிவனத்தில் மாமியிடம் விட்டுவிட்டு, அக்காவை மட்டும் பனிமலைக்கு அழைத்துப் போகப் போகிறார்கள். வளையல், பட்டுப்பாவாடை, அதிரசம் எல்லாம் அவளுக்கு. அளவு சேராத குல்லாய் எனக்கு.

தாங்க முடியாமல் அக்காவிடமே கேட்டேன். "என்னை உட்டுட்டுப் போயிடுவாங்களா?"

"உன்னை உட்டுட்டுப் போனா உனக்கு நல்லது," என்றாள். பொறாமைக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது என்னவென்று பின்னால்தான் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். பெண்ணுக்குப் பதினாலு முடியாமல் கல்யாணம் செய்யக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுடைய சீமை. அங்கே போய்த் தாலி கட்டினால் இந்தச் சர்க்கார் எதுவும் கேட்க முடியாது. பல குடும்பங்கள் அப்படிப் போய் வந்தன. மாமாவுக்குத் தன் பெரிய பிள்ளைக்கு அக்காவைக் கட்ட வேண்டும். சட்டம் சொல்கிற வயது வரை காத்திருந்தால் அப்பா வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று பயம். அப்பா ஏன் சம்மதித்தார் என்பது இன்றுவரை எனக்கு முழுதாக விளங்கவில்லை. அம்மா வீட்டு உரிமை என்று சொன்னார்கள். உரிமையை மறுத்தால் உறவு போய்விடும் என்றும் சொன்னார்கள். கல்யாணம் ஆனாலும் அக்கா பெரியவளாகும் வரை எங்கள் வீட்டில்தான் இருப்பாள். பள்ளிக்கூடம் மட்டும் அன்றோடு முடியும்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு நேராகவே ரயில் உண்டு. ஆனால் பெண் குழந்தையும் பட்டும் பலகாரமுமாக அந்த வண்டியில் ஏறினால், எதற்கென்று மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். எதிர்வீட்டம்மாள் மூலம் கச்சேரிக்கு எட்டினால் அப்பாவின் உத்தியோகம் போய்விடும். அதனால்தான் சென்னை வண்டி, அதனால்தான் சிம்லா. அவ்வளவு பெட்டிகளுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் மாமாவுக்கு அகப்படவில்லை.

தை பிறந்தது. எதிர்வீட்டம்மாள் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, சுவர்மேல் சாய்ந்து நின்று நாங்கள் சென்னை வண்டி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் இறங்கினோம். மாமா வீட்டில் யாரும் இல்லை. மாமியும் பிள்ளைகளும் முன்னாலேயே போயிருந்தார்கள். என்னை விட்டுவிட ஆள் இல்லாததில் எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் விடிந்ததும் மாமா ஒரு வாடகை மோட்டார் கொண்டு வந்தார். நாங்கள் கிழக்கே போனோம். தேசப்படத்தில் மலை இருந்தது மேலே; மாமா போனது கடல் பக்கம். நான் அதைச் சொன்னபோது அப்பா, "சும்மா வா," என்றார்.

கிளியனூர் தாண்டி, பிரெஞ்சு எல்லைக்கு முன்னால் இருந்த நம் சர்க்கார் சுங்கச் சாவடியில் மோட்டாரை நிறுத்தினார்கள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலாகவே கம்பளிக் குல்லாய்கள் இருந்தன. எதிர்வீட்டம்மாளுக்குக் காட்டியது போதாதென்று மாமா அவற்றைக் கடைசி வரை எடுத்து வந்திருந்தார்.

"புதுச்சேரிக்குக் கம்பளி எதுக்குய்யா? விக்கவா?"

"இல்லீங்க, அது வந்து, புள்ளைக்கு ஜன்னி கண்டிருக்கு," என்றார் மாமா.

"எந்தப் புள்ளைக்கு?"

மாமா என்னைக் காட்டினார். நான் அதிரசம் தின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா மோட்டாரை விட்டு இறங்கினாள். டீச்சர் கேள்விக்குப் பதில் சொல்கிறவளைப் போல நேராக நின்றாள். "அவங்க பொய் சொல்றாங்க. எனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கக் கூட்டிக்கினு போறாங்க. எனக்குப் பதினோரு வயசுதான் ஆவுது."

அப்பாவின் கை மோட்டார்க் கதவின்மேல் அப்படியே நின்றது. காக்கிச் சட்டைக்காரர் அக்காவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு அடியில் இருந்த கூறைப்புடவையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

"அது என் வேலையில்ல பாப்பா," என்றார். குரல் கெட்டதாக இல்லை. "திரும்பி வர்றப்போ பிராந்தி, சீமைப் பட்டு எதனா கொண்டாந்தாங்கன்னா, அதான் என் வேலை."

பெட்டிமேல் சாக்கட்டியால் ஒரு குறி போட்டார். குறுக்குக் கட்டை மேலே போயிற்று.

சாவடி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. "பொட்டைப் புள்ளைய படிக்க வச்சா இதான் மாப்ள! கவர்மெண்டுக்கே பாடம் நடத்துறா பாரு!" அப்பா சிரிக்கவில்லை. அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். புதுச்சேரி போய்ச் சேரும்வரை விடவில்லை. மறுபடியும் இறங்கிவிடாமல் இருக்கப் பிடித்திருக்கிறாள் என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எனக்கோ அக்கா மேல்தான் கோபம். வழியில் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று திண்டிவனத்திலேயே எங்களுக்கு அத்தனை தடவை சொல்லியிருந்தார்கள். இவள் ஏன் இப்படித் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள வேண்டும்?

ஒரு சத்திரத்தில் கல்யாணம் நடந்தது. மாமாவின் பெரிய பிள்ளை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காவும் பார்க்கவில்லை. தாலி கட்டும்போது அவள் அழுவாள் என்று பெண்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் அழாததைப் பற்றிச் சாப்பாட்டுப் பந்தி வரை பேசினார்கள். நாங்கள் சிம்லாவுக்குப் போகப் போவதே இல்லை என்பது எனக்கு இலையில் உட்காரும்போதுதான் உறைத்தது. நான் அழுதேன்.

மாமாவுக்கு அன்று தாராளமான மனசு. பந்தி நடுவே வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"ஏமாந்துட்டியா பாப்பா? அழாத. இன்னும் ரெண்டு வருஷம் போவட்டும், உன்னையும் இதே மாதிரி சிம்லாவுக்குக் கூட்டிக்கினு வந்துடறேன். என் சின்னவன் எதுக்கு இருக்கான்?"

பந்தி முழுக்கச் சிரித்தது. எனக்கும் அழுகை நின்றது. ரெண்டு வருஷம் என்றாலும் வாக்கு வாக்குதானே.

அம்மா பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் எதிரில் வந்ததும் தூக்கைக் கீழே வைத்தாள்.

"இவ வர மாட்டாண்ணா."

"என்னாம்மா, தமாஷுக்குச் சொன்னா..."

"இவளை நான் அனுப்ப மாட்டேன். அவரு சொன்னாலும் சரி, நீ சொன்னாலும் சரி."

அம்மா அண்ணனை எதிர்த்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அப்பா இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சிரித்தவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

ஐப்பசியிலிருந்து நான் பட்ட சந்தேகம் எல்லாம் அந்த நிமிஷத்தில் ருசுவாகிவிட்டது. என்னை விட்டுவிட்டுப் போக நினைத்தது மாமாவும் அல்ல, அப்பாவும் அல்ல, பெற்ற தாய்தான். எச்சில் கையோடு எழுந்து மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அம்மா காதில் நன்றாக விழட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்:

"அவங்க கெடக்கிறாங்க மாமா. நான் வர்றேன். நீங்க என்னைக் கூட்டிக்கினு போங்க."