டப்பாவில் மிஞ்சிய சீட்டு

இது நடந்தது. எனக்கே நடந்தது. கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. இருந்திருந்தால் மழை நாட்களில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லியே சமாளித்திருப்பேன். புதுப்புது விளையாட்டாக யோசித்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அன்று கண்ட நேரங்களைக்கூட அப்படியே சொல்கிறேன். அறைச் சுவரில் இருந்தது பேட்டரிக் கடிகாரம். மின்சாரம் போனாலும் அது ஓடும்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் ஒரே ஓர் அறை. ஏழு பிள்ளைகள். வெயில் நாளில் முற்றத்தில் ஓடவிட்டுவிட்டு நான் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். மழை வந்தால் ஏழும் உள்ளே. அறை இரண்டுபடும். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், மழை என்றால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பெற்றோர் வரத் தாமதமாகும். பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நேரம் என்னோடு இருப்பார்கள். என் கணவர் போய் நான்கு வருடமாகிறது. வீட்டுக்குப் போனால், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கக்கூட ஒரு ஆள் இல்லை.

அந்த ஏழு பேரில் இருவரைப் பற்றி மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். ஒருத்தி வாயாடி. பேச ஆரம்பித்தால் மூச்சு வாங்கக்கூட நிறுத்த மாட்டாள். இன்னொருத்தி உம்மணாமூஞ்சி. அது பாசமாக நான் வைத்த பெயர். ஆறு வயது. அம்மா இல்லாத பிள்ளை, அப்பா பேருந்து ஓட்டுநர். எப்போதும் கடைசியாகப் போகிறவள் அவள்தான். வாயாடியைத் தவிர வேறு யாரிடமும் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

வாயாடிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வரவில்லை. சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று அவள் சித்தி போனில் சொல்லியிருந்தாள். அந்த மூன்று நாளும் உம்மணாமூஞ்சி அலமாரி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டாலும் வருவதில்லை. தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இன்றைக்கு எப்படியாவது இவளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மதியம் மூன்றரைக்கு மழை பிடித்தது. 4.05-க்கு மின்சாரம் போயிற்று. போனிலும் சிக்னல் இல்லை. அறை சாயங்காலம் மாதிரி இருண்டது.

சீட்டு விளையாட்டு ஆடலாம் என்றேன். விதி இதுதான். துண்டுத் தாள்களில் ஆளுக்கொரு பொருளின் பெயர் எழுதி டப்பாவில் போடுவேன். சீப்பு, சோப்பு, தக்காளி, பட்டன், இப்படி. ஆளுக்கு ஒன்று எடுத்து ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஸ்டூலில் உட்கார, நான் பின்னால் நின்று கண்ணைப் பொத்துவேன். பிறகு ஒரு பெயரைக் கூப்பிடுவேன். அந்தப் பெயருக்கு உரியவர் சத்தமில்லாமல் வந்து, நெற்றியில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். தொட்டது யார் என்று சரியாகச் சொல்லிவிட்டால், தொட்டவர் ஆட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும். சொல்லாதவரை இருக்கலாம்.

உம்மணாமூஞ்சியையே முதலில் உட்கார வைத்தேன். மறுக்காமல் வந்தாள். எனக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

கண்ணைப் பொத்தினேன். வாய்க்கு வந்த ஒன்றைக் கூப்பிட்டேன்.

“பட்டன்… பட்டன்… வந்து தொட்டுட்டுப் போ.”

பாயில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவேளை இவளே பட்டனோ என்று நினைத்தேன். சிரிப்புகூட வந்தது.

அப்போது அந்தச் சத்தம்.

சப்… சப்… சப்…

ஈரமான வெறுங்கால் தரையில் படுகிற சத்தம். வாசல் பக்கமிருந்து வந்தது. பிள்ளைகள் எல்லோரும் காலுறை போட்டிருந்தார்கள்.

ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றது. என் கையிலிருந்த தலை லேசாகப் பின்னால் சாய்ந்தது. யாரோ தட்டினால் சாயுமே, அப்படி. என் விரல்மேல் தண்ணீர் வழிந்தது. ஜில்லென்று இருந்தது.

மணி 4.17.

கையை எடுத்தேன். அவள் நெற்றியில் ஈரம். மூன்று நாளில் முதல் முறையாக அவள் சிரித்தாள்.

“யாருன்னு தெரியும் மிஸ். சொல்ல மாட்டேன்.”

“ஏன்டா?”

“சொன்னா அவ போகணும்ல.”

பட்டன் யார் என்று மற்றவர்களைக் கேட்டேன். ஐந்து பேரும் சீட்டைப் பிரித்துக் காட்டினார்கள். இல்லை. அவள் சீட்டையும் பார்த்தேன். சீப்பு. டப்பாவைத் திறந்தேன்.

உள்ளே ஒரு சீட்டு மிஞ்சியிருந்தது. பட்டன். ஆறு பேர்தான் இருக்கிறார்கள் என்பது மூளைக்கு உறைக்காமல், பழக்கதோஷத்தில் கை ஏழு சீட்டு எழுதிவிட்டது. ஆளே இல்லாத பெயரை நான் கூப்பிட்டிருக்கிறேன்.

மேல்மாடியிலிருந்து ஒழுகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே பார்த்தேன். உட்கூரை காய்ந்துதான் இருந்தது. பிள்ளைகள் பயப்படக் கூடாதே என்று படம் வரையச் சொன்னேன். வரைந்தார்கள். உம்மணாமூஞ்சி மட்டும் தன் பழைய இடத்துக்குப் போனாள். உட்காரும்போது பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். இடது கையைப் பாயில் வைத்திருந்தாள், ஒரு கையைப் பிடித்திருப்பது போல.

4.50-க்கு முதல் பெற்றோர் வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக. 5.30-க்கு அறையில் நானும் அவளும் மட்டும்.

மழைச் சத்தம். கடிகாரச் சத்தம். அதற்கு நடுவே அவள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்துவாள். காது கொடுப்பாள். தலையாட்டுவாள்.

அவள் பக்கத்துப் பாயில் ஈரம் பரவியிருந்தது…

அருகில் போனேன். அவள் உதடு வெளுத்திருந்தது. பல் தந்தியடித்தது. அந்த இடது கையைத் தொட்டேன். விரல் நுனியெல்லாம் நீலம். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. பிரித்துப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. ஆறு வயதுக் குழந்தையின் கை… என்னால் பிரிக்க முடியவில்லை.

இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

“யாருன்னு சொல்லிடு கண்ணு.”

“மாட்டேன்.”

“உனக்குக் குளிருது பாரு. சொல்லிடு.”

“அவளுக்கும்தான் குளிருது. கையை விட்டுடாதங்கறா.”

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஒரு பிள்ளையை நான் அப்படி உலுக்கியது அன்றைக்குத்தான். “இப்ப சொல்லப் போறியா இல்லையா” என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு, பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து, வாயாடியின் நிஜப் பெயரைச் சொன்னாள்.

மெதுவாக. ஒரே ஒரு தடவை.

கை விரிந்தது.

சப்… சப்… சப்…

வாசல் வரை.

ஒரு நொடி நின்றது.

பிறகு மழைச் சத்தம் மட்டும்.

மணி 5.52.

அவளைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு திரும்பியது. 6.10-க்கு அவள் அப்பா நனைந்துகொண்டே ஓடிவந்தார். தூங்கிவிட்டாள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி மின்சாரம் வந்ததும் வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. வாயாடி போய்விட்டாள். காய்ச்சல் மூளைக்கு ஏறி, முந்தின நாள் மதியம்தான் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லலாமென்றால் போனும் வேலை செய்யவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் சித்தி வந்தாள். வாயாடியின் மாற்றுத்துணிப் பை எங்கள் அலமாரியில் இருந்தது, அதை வாங்கிப் போக. உட்காரச் சொன்னேன். துக்கம் விசாரிக்க வாயெடுத்த நான், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். எத்தனை மணிக்கு என்று.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“நாலேகாலுக்கே முடிஞ்சுடுச்சுன்னு டாக்டர் வெளிய வந்துட்டாருக்கா. நாங்க அழக்கூட ஆரம்பிச்சுட்டோம். உடனே நர்ஸ் ஓடி வந்து மூச்சு இருக்குங்கறாங்க. ஒன்றரை மணி நேரம் இருந்தா. கை ஒண்ணு மட்டும் எதையோ பிடிச்ச மாதிரி இறுக்கி மூடியிருந்துச்சு. உடம்பு கொஞ்சம் கொஞ்சமா சூடாச்சு. பொழைச்சுக்குவா, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தா போதும்னு டாக்டரே சொன்னாரு.”

பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அஞ்சு ஐம்பத்திரண்டுக்கு அந்தக் கை திடீர்னு விரிஞ்சுடுச்சு. அவ்வளவுதான்.”

நான் அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். உள்ளே உம்மணாமூஞ்சி தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளை உலுக்கிச் சொல்லவைத்தது நான்தான் என்று சித்தியிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதன்முதலில் சொல்கிறேன்.