பெயர் வைக்காத இருவர்

போன வாரம் தபாலில் ஒரு கவர் வந்தது. கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவுக்கு வரும் கவர்களில் பாதி கல்யாணப் பத்திரிகை. இது வேறு ரகம் — வெளியூர் லேப் ரிப்போர்ட். என் மகள் ராஜி, அவள் கணவன், இருவர் ரத்தத்திலும் ஒரே ஜீனில் ஒரே மாற்றம் என்று எழுதியிருந்தது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? மாப்பிள்ளை என் அக்கா மகன். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று அந்தக் கல்யாணத்தை முடித்தவன் சாட்சாத் நான்தான். அதையாவது தெரியாமல் செய்தது என்று விட்டுவிடலாம். அடுத்ததைத்தான் விட முடியவில்லை.

நான்கு வருடம் முன்பு ராஜிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாளே வாந்தி, மஞ்சள் காமாலை... ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழந்தை டாக்டர் பொறுமையான மலையாளப் பெண்மணி. ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாக எங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டே என்னிடம் கேட்டார்.

"குடும்பத்தில இதுக்கு முன்ன கொச்சுப் பிள்ளைங்க ஆரெங்கிலும் மரிச்சிட்டுண்டோ, சாரே?"

"இல்லை, அப்படி யாரும் இறந்ததில்லை" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

பொய்யா? அப்போது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. பதினோராம் நாள் பெயர் வைப்பதற்குள் போய்விட்ட குழந்தையை எங்கள் வீடுகளில் யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. பெயரே இல்லையே, எப்படிப் பேசுவது? என் அம்மா அப்படி இரண்டு பேரைப் பறிகொடுத்தவள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. ஆனாலும் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும், ஒரே அக்கா என்றுதான் சொல்வேன்.

டாக்டர் கிருமித் தொற்று என்று நினைத்து மருந்து கொடுத்தார். நான் சும்மா இருந்தேனா? நிறையப் பால் கொடு, தேறிவிடும் என்று ராஜியிடம் தினமும் படித்துப் படித்துச் சொன்னேன். பாவம், அவளும் கொடுத்தாள். குழந்தை குடித்தது, கக்கியது, மறுபடி குடித்தது.

காலில் கட்டோடு நாகர்கோவிலில் கிடந்த அக்கா, கட்டைப் பிரித்ததும் ரயிலேறி வந்தாள். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி நேரே ஆஸ்பத்திரி. குழந்தையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஏண்டா, அம்மாவுக்குப் பொறந்த அந்த ரெண்டும் இப்படித்தானே மஞ்சளா, வயிறு ஊதிண்டு கெடந்தது? டாக்டர்ட்ட சொன்னியோ?"

ஓடினேன். டாக்டர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றே சிறுநீர் டெஸ்ட், அன்றே பால் நிறுத்தம். பாலில் இருக்கும் சர்க்கரையைப் பக்குவப்படுத்தும் என்சைம் எங்கள் குழந்தையின் உடம்பில் இல்லையாம்; அப்பா, அம்மா இரு பக்கமும் ஜீனில் ஒரே கோளாறு இருந்தால் வருவதாம். தாய்ப்பாலே விஷம்! சோயா பால் பவுடருக்கு மாறிய சில நாளில் வாந்தி நின்றது.

நடுவில் போனது பன்னிரண்டு நாள். அதற்குள் கண்ணில் புரை விழுந்துவிட்டது. பேச்சும் தாமதம். நான்கு வயதில் இப்போதுதான் 'அம்மா' என்கிறாள். முதலிலேயே பாலை நிறுத்தியிருந்தாலும் பேச்சு தாமதப்பட்டிருக்கலாம் என்கிறார் டாக்டர். நல்ல மனுஷி. நம்பிப் பார்க்கிறேன்... முடியவில்லை.

கவருக்குள் எனக்கும் ஒரு ஃபாரம் இருந்தது. உடன்பிறந்தோர் எத்தனை பேர்? மூன்று என்று எழுதினேன், வாழ்க்கையில் முதல்முறையாக. அடுத்து அவர்கள் பெயரைக் கேட்டிருந்தார்கள்.

அக்கா பெயரை மட்டும் எழுதினேன்.