எச்சில் படாத வைன்

டென்மார்க்கில் கோல்டிங் பக்கம், இன்றைய மூன்றாவது திராட்சைத் தோட்டம். கார் ஓட்டும் எனக்கு ஒரு மிடறுதான். அதனால் ருசி பார்க்கும் அறையில் எனக்கும் ஹேர்னிங்கிலிருந்து கூட வந்த குமார் அண்ணைக்கும் ஒரே கிளாஸ். எச்சில் படக்கூடாதென்று அவர் அண்ணாந்து வைனை வாய்க்குள் ஊற்றுகிறார்.

தோட்டக்காரி வியந்துபோய், "காற்றோடு கலந்து குடிக்கிறீர்களே! எங்கே படித்தீர்கள்?" என்று டேனிஷில் கேட்கிறாள்.

"வீட்டில்," என்கிறார் அண்ணை, அதே மொழியில்.

உடனே அறையே அண்ணாந்து ஊற்றுகிறது. வெள்ளைச் சட்டைகளில் சிவப்பு வழிகிறது. தாடிக்காரர் ஒருவருக்குப் புரையேறுகிறது.

தாடிக்காரரின் தலையில் தட்டிக்கொண்டே அண்ணை என்னிடம் சொல்கிறார்:

"பாவங்கள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிசில, தங்கட பழக்கத்தை எங்களுக்கு வகுப்பு வைச்செல்லோ சொல்லித் தந்தவை. இன்டகிரேஷன் மெல்ல மெல்லத்தான் வரும், தம்பி."